கேஸ் மீட்டர் கத்தும், தூசு கத்தாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2024 மே மாசம் சுவா சூ காங் நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துல தொட்டி வேலைக்குப் போன ஒருத்தர் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு தாக்கி இறந்துபோனாரு, கூட இருந்த ரெண்டு பேர் ஐசியூ வரைக்கும் போனாங்க. அதுக்கப்புறம் சைட்ல கேஸ் மீட்டர் இல்லாம ஒருத்தரையும் கீழ இறக்குறது இல்ல, பர்மிட்ல கையெழுத்து போடுறவரும் ரெண்டு தடவ படிச்சுட்டுத்தான் போடுறாரு. நல்ல விஷயம், குறை சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா நிலத்தடியில சேஃப்டி சூப்பர்வைசரா வேலை பாக்குறவன்ங்கிற முறையில எனக்கு ராத்திரி தூக்கம் வராம பண்றது கேஸ் இல்ல, தூசு. அதைப் பத்தித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாப் போகும், இடம் இருந்தா முழுசாப் போடுங்க.

சிங்கப்பூர்ல தங்கச் சுரங்கமா இருக்கு, நிலக்கரிச் சுரங்கமா இருக்கு, இவன் என்னமோ மைன்ஸ் கணக்காப் பேசுறானேன்னு சிலர் நினைக்கலாம். ஜூரோங் தீவுக்குப் பக்கத்துல கடலுக்கு அடியில 130 மீட்டர் ஆழத்துல பாறையக் குடைஞ்சு எண்ணெய் சேமிக்கிற குகையக் கட்டி 2014ல திறந்தாங்க, அது வெடி வச்சுக் குடைஞ்ச வேலை, எந்த மைன்ஸுக்கும் சளைச்சது இல்ல. மண்டாய்ல கிரானைட்டுக்கு அடியில வெடிமருந்துக் கிடங்கு இருக்கு. ஆழ்சுரங்கக் கழிவுநீர்க் குழாய், எம்ஆர்டி, கரண்ட் கேபிள் போற சுரங்கம், இப்ப குறுக்குத் தீவு ரயில் பாதை. தீவோட நடுவுலயும் வடக்குலயும் கீழ இருக்குறது புக்கிட் தீமா கிரானைட். அதுல வேலை செய்யற ஆளோட நுரையீரலுக்கு, இது தங்கம் எடுக்கத் தோண்டுனதா ரயில் விடத் தோண்டுனதான்னு தெரியவா போகுது?

நாங்க இடுப்புல மாட்டிக்கிட்டுப் போற மீட்டர் நாலு விஷயம் பாக்கும். ஆக்சிஜன், தீப்பிடிக்கிற வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு. ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழ போனா கத்தும், மத்தது அளவ தாண்டினா கத்தும், லைட் அடிக்கும், இடுப்புல அதிரும். ஆனா கண்ணு முன்னாடி புகை மாதிரி பாறைத்தூசு நின்னாலும் அது பாட்டுக்கு அமைதியா இருக்கும், ஏன்னா தூசப் பாக்குறதுக்கு அதுல சென்சாரே கிடையாது. ஒரு தடவ ரெண்டு சுரங்கத்த இணைக்கிற கிராஸ் பாசேஜ்ல பிரேக்கர் வச்சு உடைச்சுக்கிட்டு இருந்த தம்பிகிட்ட மாஸ்க்க ஒழுங்காப் போடுடான்னு சொன்னேன், அவன் மீட்டரத் தூக்கிக் காமிச்சு "மீட்டர் கத்தலையேண்ணே, காத்து நல்லாத்தானே இருக்கு"ன்னான். அவன் மேல என்ன தப்பு, நாமதான் கோர்ஸ்ல அப்படி சொல்லிக் கொடுத்திருக்கோம், மீட்டர் கத்துனா ஓடு, கத்தலன்னா வேலையப் பாருன்னு.

தூசுன்னா கண்ணுக்குத் தெரியறது பெரிய ஆபத்து இல்ல, அது மூக்குலயும் தொண்டையிலயும் நின்னுடும், சளியோட துப்பிடலாம். நுரையீரலோட அடி வரைக்கும் போறது சில மைக்ரான் சைஸ் தூசு, தலைமுடியோட கனமே 70 மைக்ரான் பக்கம் வரும், அப்ப எவ்வளவு பொடின்னு பாத்துக்குங்க. கிரானைட்ல குவார்ட்ஸ் இருக்கு, அதாவது சிலிக்கா. அது போய் உக்காந்துச்சுன்னா உடம்பால கரைக்கவும் முடியாது, வெளிய தள்ளவும் முடியாது, அது உக்காந்த இடத்தைச் சுத்தித் தழும்பு மாதிரி கட்டிக்கிட்டே போகும், வேலைய விட்ட பிறகும் நிக்காது. சிலிக்கோசிஸ். மருந்து கிடையாது. பத்து வருஷமோ இருபது வருஷமோ கழிச்சுத்தான் பொதுவா வெளிய தெரியும், தூசு ரொம்ப அதிகமா இருந்தா சீக்கிரமே தெரியும்.

இன்னொண்ணு, இந்தப் பொடித் தூசு சீக்கிரம் கீழ படியாது. ஒரு மைக்ரான் சைஸ் குவார்ட்ஸ், காத்து அசையாம நின்னாக்கூட, மூக்கு உயரத்துல இருந்து தரைக்கு வர அஞ்சு மணி நேரம் ஆகும், கணக்கு போட்டுப் பாத்தா அப்படித்தான் வருது. டே ஷிஃப்ட் உடைச்சுட்டுப் போன தூச நைட் ஷிஃப்ட் ஆளு மூச்சு விடுறான், அவன் இறங்கும்போது லைட் வெளிச்சத்துல எல்லாம் பளிச்சுன்னு சுத்தமாத்தான் இருக்கும்.

சரி ஃபேன் இருக்கே, காத்துக் குழாய் டக்ட் இருக்கே, காத்து அடிக்குதேன்னு கேப்பீங்க. இங்கதான் எனக்கு ரொம்ப நாளா ஆதங்கம். சுரங்கத்துக்குள்ள காத்து விடுற முறை எல்லாம் பெரும்பாலும் கேஸ மனசுல வச்சு வளர்ந்தது. இந்தியாவுல நிலக்கரிச் சுரங்க விதியில ஷிஃப்ட்ல இருக்குற ஆளுக்கு ஆளு நிமிஷத்துக்கு 6 கன மீட்டர் காத்து குறைஞ்சபட்சம்னு இருக்கு, மீத்தேன் இவ்வளவுக்கு மேல போகக்கூடாதுன்னு இருக்கு, ஏன்னா மீத்தேன் காத்துல 5ல இருந்து 15 சதவீதம் கலந்தா வெடிக்கும். அதுக்கு வழி சுலபம், நல்ல காத்த நெறைய உள்ள தள்ளு, கேஸ் நீர்த்துப் போயிடும். தூசுக்கு இது பாதிதான் பொருந்தும். வெளிய இருந்து ஃபேன் வச்சு டக்ட் வழியா வேலை நடக்குற இடத்துக்கு ஊதுனா, அங்க இருக்குற ஆளுக்கு காத்து வரும், சரி, ஆனா அந்தத் தூசு முழுசும் சுரங்கத்தோட நீளத்துக்கும் பின்னாடி வந்து, பின்னால கம்பி கட்டுறவன், லோக்கோங்கிற சின்ன ரயில் எஞ்சின ஓட்டுறவன், சர்வே பாக்குறவன் எல்லார் மூஞ்சியிலயும் அடிச்சுட்டுத்தான் மேல ஏறி இறங்குற குழியான ஷாஃப்ட் வழியா வெளிய போகும்.

அப்ப ஊதுறதுக்குப் பதிலா உறிஞ்சணும். ஆனா உறிஞ்சுறதுக்கு ஒரு கிறுக்குத்தனம் இருக்கு. ஒரு மீட்டர் விட்டம் உள்ள டக்ட்ல ஊதுனா 30 மீட்டர் தள்ளி நின்னாலும் வேகத்துல பத்துல ஒரு பங்கு மிச்சம் இருக்கும், அதே டக்ட்ல உறிஞ்சுனா வாயில இருந்து ஒரு மீட்டர் தள்ளுனாலே பத்துல ஒரு பங்குக்கு விழுந்துடும். ஊதுகுழல வச்சு அடுப்ப ஊதலாம், அதே குழல வச்சு அடுப்புல இருக்குற சாம்பல உறிஞ்ச முடியுமா, அந்தக் கதைதான். அதனால உறிஞ்சுற வாய் தூசு கிளம்புற இடத்துக்கு ஒட்டி இருக்கணும், வேலை முன்னால நகர நகர அதுவும் நகரணும். நான் பாத்த சைட்டுங்கள்ல அது எங்க இருந்துச்சு தெரியுமா, லோக்கோவுக்கு இடைஞ்சல்னு பதினஞ்சு இருபது மீட்டர் பின்னாடி தொங்கும். ஆடிட் வந்தா "டஸ்ட் எக்ஸ்ட்ராக்ஷன் இருக்கா", "இருக்கு", டிக்.

கரண்ட் கணக்கும் ஒண்ணு உண்டு, இது வெளியில யாருக்கும் அவ்வளவாத் தெரியாது. ஃபேனோட வேகத்தக் கொஞ்சம் குறைச்சா கரண்ட் ரொம்பக் குறையும், வேகம் 80 சதவீதம்னா கரண்ட் கிட்டத்தட்ட பாதி. அதனால ராத்திரில ஆளு கம்மியா இருக்கும்போது ஃபேனத் தணிச்சு வைக்கிறதுக்கு எல்லாருக்கும் கை அரிக்கும். கேஸ் ரீடிங் ஓகே, ஆளும் நாலு பேர்தான், யாரும் கேக்க மாட்டாங்க. அதுல டக்ட் துணி எங்கயாச்சும் கிழிஞ்சு வழியிலயே பாதிக் காத்து கசிஞ்சு போச்சுன்னா உள்ள வேலை செய்யறவனுக்கு என்ன வரும்னு நீங்களே கணக்கு போட்டுக்குங்க. ஃபேன் சத்தம் மட்டும் நல்லாக் கேக்கும்.

சுரங்கம் குடையுற டிபிஎம் மெஷின் ஸ்லரியில, அதாவது சேத்துக் கலவையில, ஓடும்போது பாறை தண்ணியோடயே அரைபட்டு குழாய்ல போயிடும், அப்ப தூசு குறைவுதான், அத ஒத்துக்கிறேன். தூசு கிளம்புறது மத்த வேலையில. ஷாஃப்ட்ல பாறை துளைக்கிறப்ப, கிராஸ் பாசேஜ் உடைக்கிறப்ப, சுவத்துல காங்கிரீட்டப் பீச்சி ஷாட்கிரீட் அடிக்கிறப்ப, காங்கிரீட்டக் கொத்தி ஹேக்கிங் பண்றப்ப, கிரைண்டர் போடுறப்ப. எல்லாத்த விடவும் எனக்கு வயித்த எரிய வைக்கிறது ஷிஃப்ட் முடிஞ்சதும் நடக்குற ஒரு வேலை. கம்ப்ரசர் ஹோஸ எடுத்து ஒருத்தன் மேல ஒருத்தன் துணியில தூசு போக ஊதி விடுவானுங்க. சட்டை, பேன்ட், தலைக்கவசம் கழட்டி முடி, காது வரைக்கும். பத்து மணி நேரம் சேத்த தூச பத்தே செகண்ட்ல கிளப்பி, அந்த மேகத்துக்கு நடுவுல மாஸ்க்கக் கழட்டிட்டு நின்னு சிரிச்சுக்கிட்டு இருப்பானுங்க. லாரில ஏறும்போது சுத்தமா இருக்கணுமாம், அழுக்கா ஏறுனா டிரைவர் திட்டுவாராம். உள்ள விளக்குமாறு வச்சு காய்ஞ்ச தரையக் கூட்டுறதும் இதே ரகம். தண்ணி தெளிச்சுக் கூட்டுன்னா சேறாகும்னு சொல்றாங்க. ஆகட்டும், சேறு யார் நுரையீரலுக்குள்ளயும் போகாது.

இது ஒண்ணும் புதுசா கண்டுபிடிச்ச நோய் இல்ல. எங்க பெரியப்பா வீட்டு சொந்தக்காரங்க நிறைய பேரு கோலார் தங்கவயல்ல இருந்தவங்க, வட ஆற்காடு, தருமபுரி பக்கத்துல இருந்து போன தமிழ்க் குடும்பங்கதான் அங்க அடியில இறங்குனது. மூணு கிலோமீட்டருக்கு மேல ஆழம், பாறையத் தொட்டா சுடும், குளிரூட்டுன காத்த உள்ள அனுப்புனாங்க. அவ்வளவு செலவு பண்ணி காத்து விட்ட இடத்துலயே 1940கள்ல ஆயிரக்கணக்கான தொழிலாளிங்களப் பரிசோதிச்சப்ப பத்துல நாலு பேருக்கு மேல சிலிக்கோசிஸ் இருந்துச்சு. 2001ல அந்த மைன்ஸ மூடிட்டாங்க, இருமல் மட்டும் மூடல.

1930ல ஜோகன்னஸ்பர்க்ல உலகத் தொழிலாளர் அமைப்பு சிலிக்கோசிஸ் மாநாடு போட்டுச்சு, பல நாட்டு டாக்டருங்க உக்காந்து இது பாறைத்தூசுல வர்ற நோய், இப்படித் தடுக்கலாம்னு பேசி முடிச்சாங்க. அதே 1930ல அமெரிக்காவுல மேற்கு வர்ஜீனியாவுல ஹாக்ஸ் நெஸ்ட்னு ஒரு சுரங்கம் தோண்ட ஆரம்பிச்சாங்க, ஆத்துத் தண்ணிய மலைக்குள்ள திருப்பி கரண்ட் எடுக்க. நல்லாக் கவனிங்க, அது மைன்ஸ் இல்ல, நம்ம பண்ற மாதிரி சுரங்கப்பாதை வேலைதான். மலை முழுக்க சிலிக்கா. தண்ணி விட்டுத் துளைச்சா மெதுவா நடக்கும்னு காய்ஞ்ச பாறையிலயே துளைச்சாங்க. வேலை செஞ்சவங்க பெரும்பாலும் தெற்குல இருந்து பிழைக்க வந்த கறுப்பினத் தொழிலாளிங்க, வெளிய வரும்போது வெள்ளையா வருவாங்களாம். 1936ல அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரிச்சப்ப 476 பேர் செத்ததாச் சொன்னாங்க, பின்னால ஆராய்ஞ்சவங்க 700க்கு மேலன்னு மதிப்பிட்டாங்க. சரியான எண்ணிக்கை இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாததுக்குக் காரணம், நிறைய பேரு உடம்பு முடியலன்னதும் ஊருக்குக் கிளம்பிப் போயிட்டாங்க, எங்க போய் செத்தாங்கன்னு எழுதி வைக்க ஆளில்ல.

நம்ம கதையும் இதே இடத்துலதான் நிக்குது. இங்க அடியில இறங்குறவங்க யாரு? புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம், அப்புறம் பங்களாதேஷ். ஒர்க் பர்மிட் முடிஞ்சா ஊரு. நோய் வர்றப்ப ஆளு இங்க இருக்க மாட்டான். எங்ககூட வேலை பாத்த அறந்தாங்கிப் பக்கத்து அண்ணன் ஒருத்தர் ஊருக்குப் போய் சில வருஷத்துல மூச்சு வாங்க ஆரம்பிச்சு, டிபின்னு சொல்லி ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டு, திரும்பவும் அதே இருமல், திரும்பவும் மாத்திரை, கடைசியில தஞ்சாவூர்ல ஒரு டாக்டர் எக்ஸ்ரேயப் பாத்துட்டு "நீங்க கல்லு உடைக்கிற வேலை பாத்தீங்களா"ன்னு கேட்டிருக்காரு. சிலிக்கா உள்ள போன நுரையீரலுக்கு டிபியும் சுலபமா வரும், ரெண்டும் எக்ஸ்ரேல குழப்பும், அதனால டாக்டருங்களையும் குத்தம் சொல்ல முடியாது. அந்த அண்ணன் எனக்கு போன் பண்ணி கேட்டது ஒண்ணே ஒண்ணு, நான் எந்த சைட்ல எவ்வளவு நாள் எந்த வேலையில இருந்தேன்னு ஒரு பேப்பர் வாங்கித் தர முடியுமா தம்பி. அந்தக் கம்பெனியில கேட்டேன், ப்ராஜெக்ட் முடிஞ்சிருச்சு, ரெக்கார்ட் இல்லன்னுட்டாங்க. சிங்கப்பூர்ல சிலிக்கோசிஸ் தொழில்நோய்ப் பட்டியல்ல இருக்கு, இழப்பீடு கேக்கலாம், ஆனா சட்டத்துக்குக் காலக்கெடு இருக்கு, நோய்க்கு இல்லையே.

தென்னாப்பிரிக்காவுல தங்கச் சுரங்கத்துல வேலை பாத்துட்டு லெசோத்தோ, மொசாம்பிக்னு ஊர் திரும்பினவங்க இதே பாடுபட்டாங்க. வருஷக்கணக்கா கோர்ட்ல நின்னு, 2019ல சுமார் 500 கோடி ராண்ட் இழப்பீட்டுக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்துச்சு, 1965ல இருந்து வேலை பாத்தவங்க வரைக்கும் அதுல வர்றாங்க. அவ்வளவு பழைய ஆளுக்கு எதை வச்சுக் காசு கொடுக்குறது, எங்க வேலை பாத்தான்ங்கிற ரெக்கார்டையும் டாக்டர் ரிப்போர்ட்டையும் வச்சுத்தான். பேப்பர் இருந்தவன் பொழச்சான்.

ஏன் கேஸுக்கு இவ்வளவு சட்டம், தூசுக்கு இவ்வளவு மெத்தனம்? 1965ல தன்பாத் பக்கம் தோரி நிலக்கரிச் சுரங்கத்துல வெடிச்சு 268 பேர் ஒரே நாள்ல போயிட்டாங்க, உலகம் பூரா நியூஸ். அதே 268 பேர் இருபது வருஷத்துல, வேற வேற கிராமத்துல, ஒவ்வொருத்தரா மூச்சு முட்டிச் செத்தா அது எந்தப் பேப்பர்லயும் வராது, உங்க பேப்பரையும் சேத்துத்தான் சொல்றேன், கோச்சுக்காதீங்க.

புகைமூட்டம் வந்தா நாம என்ன பண்றோம்? 2015 செப்டம்பர்ல ஒரு நாள் பள்ளிக்கூடத்தையே மூடுனாங்க. தேசியச் சுற்றுப்புற அமைப்பு மணிக்கு மணி காத்துல பிஎம் 2.5ங்கிற பொடித் தூசு எவ்வளவுன்னு போடுது, நாம போன்ல பாத்துட்டுத்தான் புள்ளைங்கள கீழ விளையாட விடுறோம். அந்த எண்ணு ஒரு கன மீட்டருக்கு 250 மைக்ரோகிராம தாண்டுனா அது மேல்மட்ட அளவு, வெளிய போகாதேன்னு சொல்லுவோம். இப்ப சிலிக்காவுக்கு இங்க இருக்குற வரம்பு ஒரு கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராம், அதாவது 100 மைக்ரோகிராம், அதுவும் வெறும் குவார்ட்ஸ் மட்டும். கிரானைட் தூசுல மூணுல ஒரு பங்கு குவார்ட்ஸ்னு வச்சுக்கிட்டா மொத்தப் பொடித் தூசு 300 மைக்ரோகிராம் வரும். ரெண்டும் வேற வேற தூசு, வேற வேற அளவுகோல், அப்படியே ஒப்பிடக் கூடாதுன்னு நிபுணர் யாராவது சண்டைக்கு வரலாம், வரட்டும். நான் சொல்றது, சட்டப்படி சரியா இருக்குற சுரங்கத்துலயே தினமும் எட்டு மணி நேரம் இந்த அளவு இருக்கலாம், அத அவனுக்கு போன்ல காட்ட ஆளில்ல. அமெரிக்காவுல 2024ல சுரங்கங்களுக்கான வரம்ப 0.05ஆ பாதியாக் குறைச்சு விதி வெளியிட்டாங்க, சுரங்கக் கம்பெனிங்களோட சங்கங்க கோர்ட்டுக்குப் போனதுல அது அமலுக்கு வர்றது தள்ளிப் போச்சு. ஆஸ்திரேலியாவும் 0.05தான்.

இப்ப தூச எப்படி அளக்குறாங்கன்னா, வேலையாளோட சட்டையில சின்ன பம்ப் மாட்டி, ஃபில்டர்ல தூசப் புடிச்சு, லேபுக்கு அனுப்பி, ரிசல்ட் வர நாளாகும். வர்றப்ப அந்த வேலையே முடிஞ்சிருக்கும். ரிசல்ட் ஆபீஸ் ஃபைல்ல போகும், பம்ப்ப மாட்டிக்கிட்டுத் திரிஞ்சவனுக்கு ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க. ஆனா உடனுக்குடன் காட்டுற கருவியும் இருக்கு, அமெரிக்க நிலக்கரிச் சுரங்கத்துல 2016ல இருந்து தூசு அதிகமா இருக்குற வேலையில இருக்குறவங்க உடம்புல மாட்டிக்கிட்டே வேலை பாக்குறாங்க. அது மொத்தத் தூசத்தான் காட்டும், சிலிக்காவத் தனியாப் பிரிக்காதுன்னு எங்க மேனேஜர் ஒருத்தர் சொன்னாரு. உண்மைதான். அந்தப் பாறையில குவார்ட்ஸ் எத்தனை சதவீதம்னு ஒரு தடவ டெஸ்ட் பண்ணிட்டா பெருக்கிக்க வேண்டியதுதானே, ஜியாலஜிஸ்ட் ரிப்போர்ட் எல்லா ப்ராஜெக்ட்லயும் அலமாரியில தூங்குது.

மனிதவள அமைச்சுகிட்ட நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. ஷாஃப்ட் வாசல்ல கேஸ் ரீடிங் எழுதுற அதே போர்டுல தூசு ரீடிங்கும் எழுதச் சொல்லுங்க, தமிழ்லயும் வங்காளத்துலயும் சேத்து. எங்க உறிஞ்சுற டக்ட்டோட வாய் இருக்கணுமோ அங்க இருக்கான்னு இன்ஸ்பெக்டர் டேப் வச்சு அளந்து பாக்கட்டும், டிக் வேணாம். துணிய கம்ப்ரசர்ல ஊதுறத நிறுத்துறதுக்கு வெறும் நோட்டீஸ் ஒட்டுனா போதாது, மேல வந்ததும் துணி மாத்த ஒரு ரூம், கழுவ தண்ணி, ஒரு வேக்கம் மெஷின் வச்சுக் கொடுத்தா அவனுங்க ஏன் ஊதப் போறானுங்க. எல்லாத்துக்கும் மேல, ஒருத்தன் சைட்ட விட்டுப் போறப்ப அவன் கையில ஒரு பேப்பர் கொடுக்கணும்: எந்தச் சுரங்கம், என்ன வேலை, எத்தனை மாசம், தூசு அளவு என்ன, கடைசியா எடுத்த நெஞ்சு எக்ஸ்ரே காப்பி. சிலிக்கா தூசுல வேலை பாக்குறவங்களுக்கு எக்ஸ்ரேயோட மருத்துவப் பரிசோதனை சட்டத்துலயே இருக்கு, எடுக்குறாங்க, அத கையில கொடுக்குறதுக்கு என்ன செலவு? ஒரு பிரிண்ட்.

ஞாயித்துக்கிழமை தேக்காவுல உக்காந்து இந்தப் பேப்பரப் படிக்கிற தம்பிங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கிறேன். அமைச்சு பதில் சொல்ற வரைக்கும் காத்திருக்காதீங்க, அடுத்த மெடிக்கல் செக்கப்புக்குப் போறப்ப எக்ஸ்ரே காப்பி வேணும்னு நீங்களே கேட்டு வாங்குங்க, போன்லயாவது போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பி வைங்க, சைட் பேரும் தேதியும் சேத்து எழுதி. ஊர்ல டாக்டர்கிட்ட போனா சிங்கப்பூர்ல இருந்தேன்னு மட்டும் சொல்லாம பாறை உடைச்சேன், சுரங்கத்துக்குள்ள இருந்தேன்னு சொல்லுங்க.

வேலை போயிடும்ங்கிறதால என் பேரப் போட வேணாம்னு கேட்டுக்கிறேன், முகவரி உங்க ஆபீஸ்ல கொடுத்திருக்கேன்.

இப்படிக்கு,
ஒரு சேஃப்டி சூப்பர்வைசர்,
ஜூரோங் வெஸ்ட்